தாத்தா வாசித்த கடைசிக் குற்றம்

திருச்சி
2 ஜனவரி 2025

கிளாட்வின்,

அன்றைக்கு நான் "இல்லை" என்று சொல்லவில்லை. "சரி" என்றும் சொல்லவில்லை. "ஏலே, சும்மா இரு" என்று சொல்லியிருந்தால்கூட வழக்கப்படி அது ஒரு பதில். தாத்தா எனக்கு ஒரு மிட்டாயைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். அதையும் நான் சொல்லவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கண்டல்துறை வழக்கம் தெரியாதவனைப் போல நீ நடந்துகொண்டதால், தெரியாதவனுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஓடையில் நீர் ஏறும் நேரம் பார்த்து, கண்டல் காட்டுக்குள்ளிருந்து கிறிஸ்துமஸ் தாத்தா வள்ளத்தில் வருவார். வள்ளத்தின் முன்னால் மீன்பெட்டித் தெர்மாகோலில் வெட்டிய இரண்டு மான்கள், பனைமட்டைக் கொம்புகளோடு. தாடி நைலான் வலைநூல். துறையில் ஊரே நிற்கும். வீட்டுக்கு ஒன்றாக அந்த வருஷத்துக் குற்றங்களைத் தாத்தா வாசிப்பார். பெயர் வந்தவர், தாத்தா மூன்று எண்ணுவதற்குள் ஏதாவது பதில் சொல்ல வேண்டும். சொன்னால் மிட்டாய். வாய் திறக்காவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஜெனோ கொட்டடிப்பான், அந்த வீட்டார் ஒரு தட்டு மக்ரூன் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

தீபாவளிக்குப் போட்ட சீரியல் பல்பைக் கழற்றாமல் கிறிஸ்துமஸையும் பொங்கலையும் அதிலேயே ஒப்பேற்றுகிறார் என்று கடைக்கார மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் குற்றத்தைத் தாத்தா வேஷத்தில் நீ வாசித்தாய். "சாமி எல்லாம் ஒண்ணுதான் தாத்தா, கரண்டு பில்லுதான் தனித்தனியா வருது" என்று இரண்டு எண்ணுவதற்குள் சொல்லி மிட்டாய் வாங்கிக்கொண்டார். ஜெனோ வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் பாலன் இயேசு சுரூபம் உடைந்துபோக, பேட்டரி பொம்மையைக் கிடத்தி, கோயில் சாமியார் மந்திரித்து ஆசீர்வதிக்கும்போது அது இந்திப் பாட்டுப் பாடிய குற்றத்துக்கு ஜெனோவின் அம்மா சிரித்துச் சிரித்தே பதிலைத் தவறவிட்டாள். ஒரு தட்டு மக்ரூன்.

அந்த நாற்பத்தொரு குற்றங்களையும் எழுதியது நான். ஆறு வருஷமாக நான்தான் எழுதுகிறேன். ஊர்ச் செய்திகளை நீ கடிதத்தில் அனுப்புவாய்; நான் எழுதி உன் பட்டறை முகவரிக்குத் தபாலில் அனுப்புவேன். போனில் வந்தால் உன் அம்மா எமில்டா மாமி தொடங்கி வீட்டில் எல்லோரும் வாசித்துவிடுவார்கள். நம் இருவரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என் முன்னால் யாரும் இயல்பாகப் பேசமாட்டார்கள். எனக்கு அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கத்தான் பிடிக்கும்.

நீ வாசித்தது நாற்பத்திரண்டு.

"ஆக்னஸ் மகள் விஜிலா, கண்டல்துறையில் ஒரு பையன் மனசை எடுத்துக்கொண்டு போய் ஆறு வருஷமாகத் திருப்பித் தரவில்லை. அந்தப் பையன் இப்போது தாடி வைத்திருக்கிறான். என்ன சொல்கிறாய்?"

ஒன்று, இரண்டு, மூன்று. கொட்டு. அம்மா ஏற்கனவே சிரித்துக்கொண்டே தட்டோடு போய்க்கொண்டிருந்தாள். மறுநாள் பூசை முடிந்து வந்தபோது பதினோரு பேர் என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். இருபத்தாறாம் தேதி முதல் பஸ்ஸில் இங்கே நூலக வேலைக்குத் திரும்பிவிட்டேன். விடுமுறை இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது.

விஜிலா

•

தூத்துக்குடி, பட்டறை
11.1.2025

ஏளா விஜிலா,

உன் கடிதத்த நாலு தரம் வாசிச்சேன். மூணு தரம் உன் மேல கோவம் வந்துது. நாலாந்தரம் அது என் மேல திரும்பிட்டு. போன்ல என்ன ப்ளாக் பண்ணிட்ட. ஜெனோ போன்லருந்து கூப்பிட்டேன், அவனையும் பண்ணிட்ட. அவன் என்ன பாவம் செஞ்சான், கொட்டு அடிக்கது அவன் வேல.

நான் ஏன் அப்படிச் செஞ்சேன்னு சொல்லுதேன், கேளு. ஒவ்வொரு குற்றத்துக்கும் கீழ பென்சில்ல, இவிய இப்படித்தான் பதில் சொல்லுவாவன்னு எனக்காவ எழுதி அனுப்புவேல்லா. பாதிக்கு மேல அச்சு மாறாம அதையேதான் சொல்லுதாவ. பல்புக்கு அண்ணாச்சி சொன்னதும் நீ எழுதுனதுதான், கரண்டு பில்லு உட்பட. ஊருக்கே பதில் தெரிஞ்சவளுக்குத் தன் பதில் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். நீ என்னமாவது எடக்காச் சொல்லுவ, ஊர் சிரிக்கும், எனக்கு வெசயம் வெளங்கிரும்னு நெனச்சேன். நீ நின்ன நிப்பப் பாத்ததும் தாடிக்குள்ள எனக்கு வேத்துட்டு. மூணுன்னு சொல்லாம இருந்திருக்கலாம். வாய் பழக்கத்துல சொல்லிட்டு.

ஊர் நெலவரம் இது. ஆக்னஸ் மாமி கல்யாண கேக்குக்குத் திராட்சை ஊறப் போட்டாச்சு. எங்கம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிட்டு, நீலமா பச்சையான்னு உன்கிட்ட கேக்கச் சொல்லுதா. அண்ணாச்சி அந்த சீரியல் பல்பக் கல்யாணம் வரைக்கும் கழத்தமாட்டேங்காரு. சாமியாரு, ஓலை எப்ப வாசிக்கணும்னு கேட்டாவ. மூணு ஞாயிறு கோயில்ல நம்ம பேரச் சொல்லி ஆட்சேபம் உண்டான்னு கேக்கணும்லா. நான் இருமிக்கிட்டே வெளிய வந்துட்டேன்.

அவிய மேல தப்புச் சொல்லவும் முடியாது. வாய் தெறக்கலன்னா ஒத்துக்கிட்டதுன்னுதான நம்மூரு சட்டம்.

இல்லன்னா இல்லன்னு ஒரு கார்டுல எழுதிப் போடு. திராட்சைய நான் பாத்துக்கிடுதேன்.

கிளாட்வின்

•

திருச்சி
20 ஜனவரி 2025

கிளாட்வின்,

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்துவிட்டேன். கோபமாக இருக்கும்போது சிரிக்க வைப்பது நியாயமில்லை.

"இல்லை" என்று எழுதக் கார்டு வாங்கினேன். எழுத வரவில்லை. "சரி" என்று எழுதவும் வரவில்லை. கார்டு மேசையில் கிடக்கிறது.

ஆறு வருஷமாக நாம் ஊரில் எல்லோரையும் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். யார் வீட்டு கேக் நடுவில் வேகவில்லை, பாடகர் குழு யார் வீட்டில் பிரியாணி என்று தெரிந்து அந்தத் தெருவுக்கு மூன்று முறை போனது, எல்லாம். நம்மைப் பற்றி ஒரு வரி கிடையாது. நீ கேட்பாய் என்று நினைத்து, சில நவம்பர்களில் உன் உறையை மெதுவாகப் பிரித்திருக்கிறேன். உள்ளே ஜெனோ வள்ளத்திலிருந்து விழுந்த கதை இருக்கும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

பிறகு நீ கேட்டாய், நானூறு பேர் முன்னால், முகத்தை மறைத்துக்கொண்டு. எனக்கு மட்டும் கேட்கும்படி நீ ஒரு தடவையும் கேட்டதில்லை. நான் யோசிக்க நேரம் எடுப்பவள் என்று உனக்குத் தெரியும். மூன்று எண்ணுவதற்குள் என் வாழ்க்கைக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது. என் பதிலை ஜெனோவின் கொட்டு சொல்லிவிட்டது. அது சரியான பதிலாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் சொன்னதல்ல.

அதை வாபஸ் வாங்கு. ஒரு தாத்தாவும் இதுவரை வாபஸ் வாங்கியதில்லை, தெரியும். வாங்கும்வரை எனக்கு எழுதாதே. நான்தான் எழுதுகிறவள் என்பதை மட்டும் அங்கே சொல்லிவிடாதே. எனக்கென்று அங்கே இருப்பது அது ஒன்றுதான்.

சுவருக்கு நீலம் வேண்டாம் என்று எமில்டா மாமியிடம் சொல். பொதுவாகச் சொல்கிறேன்.

விஜிலா

•

தூத்துக்குடி
4.5.2025

ஏளா விஜிலா,

வாங்கியாச்சு. அதனாலதான் எழுதுதேன்.

மூணு மாசம் ஏன் ஆச்சுன்னா, மொதல்ல எங்கம்மாகிட்ட சொன்னேன். அவ, உனக்குக் காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பாத்தா. சாமியாருகிட்ட போனேன். இது திருச்சபைச் சட்டத்துல வராது, ஊர்க் கமிட்டியில கேளுன்னாவ. கமிட்டிக்குப் போனேன். "குற்றஞ் சொன்னது நீயா, தாத்தாவா"ன்னு கேட்டாவ. தாத்தான்னேன். "அப்பம் தாத்தாதான் வந்து வாபஸ் வாங்கணும், நீ யாருல அதுக்கு?"ன்னுட்டாவ.

மே ஒண்ணு, சூசையப்பர் திருநாள் அசனம். ஊரே பந்தலுக்குள்ள எல போட்டு உக்காந்திருக்கு. மத்தியானம் பன்னெண்டரை வெயில்ல நான் செவப்பு அங்கியும் தாடியுமா ஓடையில வாரேன். தாத்தா நடந்து வரப்படாதாம், வள்ளத்துலதான் வரணுமாம். மே மாசம் ஓடையில ஏது தண்ணி? பாதியில தட்டிட்டு. எறங்குனேன், முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு மான் சேத்துல போயிட்டு, இன்னொண்ண கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடக்கேன். கரையில நாயெல்லாம் கொலைக்கி. யாரோ சின்னப்புள்ள, "அம்மா, தாத்தா வழி தவறி வந்துட்டாரு"ன்னு அழுது.

தொடை வரைக்கும் சேத்தோட பந்தல் முன்னால நின்னு வாசிச்சேன். நானே எழுதுனது, அதனால நல்லாருக்காது. "ஆக்னஸ் மகள் விஜிலா மேல சொன்ன குற்றம் தப்பு. அவ எதையும் எடுக்கல. அந்தப் பய அவளக் கேக்காம அவ பையில போட்டுட்டான். அவ வாய் தெறக்காததுக்கு அர்த்தம் ஒண்ணும் கெடையாது. அவ இன்னும் பதில் சொல்லல, அவ்வளவுதான்."

சாம்பார் ஊத்துனவிய வாளியக் கீழ வச்சிட்டுப் பாத்தாவ. பொறவு ஆக்னஸ் மாமி எந்திரிச்சாவ. நான் அடி விழும்னு நெனச்சேன். "அப்பம் என் மக்ரூன் தட்டத் திருப்பிக் குடு"ன்னாவ. டிசம்பர்ல தின்ன மக்ரூனுக்கு நான் எங்க போவ? பாதிய ஜெனோ தின்னான். மறுநாள் டவுனுக்குப் போயி வாங்கிக் கொண்டுபோயிக் குடுத்தேன். மாமி என்னக் குசினிக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சாவ. "ஏலே, நீ தனியாக் கேட்டிருந்தாலும் அவ ஒரு வருசம் எடுத்திருப்பா. கடையில ஒரு பேனா வாங்க அர நாள் நிப்பா அவ. காத்திருக்க முடிஞ்சா இரு, முடியலன்னா உன் வேலயப் பாரு"ன்னாவ. அந்த மக்ரூன்லயே ரெண்டு எனக்கும் தந்தாவ.

வாபஸ் வாங்குன தாத்தா இனிமே வள்ளத்துல ஏறப்படாதுன்னு கமிட்டி சொல்லிட்டு. எங்கம்மா நாலு நாளா பேசல. சோறு வருது, கொழம்பு வரல.

நீ எழுதுறது யாருக்கும் தெரியாது. உன் பதில இப்பம் யாரும் வச்சிருக்கல. நானும் கேக்கல.

கிளாட்வின்

•

திருச்சி
14 மே 2025

கிளாட்வின்,

ஒரு இடத்தில் முழங்கால் என்கிறாய், அடுத்த பத்தியில் தொடை என்கிறாய். எது?

நூலகத்தில் அலமாரிகளுக்கு நடுவே நின்று வாசித்தேன். மான் வந்த இடத்தில் சிரிப்பை அடக்க ஒரு அகராதியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். "அவ்வளவுதான்" என்ற இடத்தில் அகராதியை முகத்திலிருந்து இறக்கவில்லை. நல்லாருக்காது என்று நீ சொன்னது சரியல்ல. நான் எழுதியிருந்தால் அந்த அளவுக்கு நேராக வந்திருக்காது.

போனில் உன்னை விடுவித்துவிட்டேன். ஜெனோவையும். ஆனால் கூப்பிடாதே, எழுது. எமில்டா மாமி குழம்பு தர ஆரம்பித்தாளா?

விஜிலா

•

தூத்துக்குடி
9.11.2025

ஏளா விஜிலா,

கொழம்பு ஜூன்லயே வந்துட்டு. மீன் துண்டு ஆகஸ்டுலருந்து.

நவம்பர் ஆச்சுலா, ஊர்ச் செய்தி எழுதணும். மழையில கோயில் முகப்பு நட்சத்திரம் கீழ விழுந்து ஒரு மொனை ஒடிஞ்சிட்டு, நாலு மொனையோட மாட்டியிருக்காவ. அண்ணாச்சி போன வருசத்துக் குற்றத்துக்குப் பயந்து இந்தத் தீபாவளிக்கு பல்பே போடல, இப்பம் கட இருட்டா இருக்குன்னு எல்லாரும் அவரத் திட்டுதாவ. எங்கம்மா கேக்குல மேல மட்டும் முந்திரி வச்சு உள்ள ஒண்ணும் போடாததப் பக்கத்து வீட்டுல கண்டுபிடிச்சிட்டாவ. மீதிய தனித் தாள்ல எழுதியிருக்கேன்.

இந்த வருசம் ஜெனோதான் தாத்தா. வாசிச்சுக் காட்டச் சொன்னேன். பஸ்ஸுல ஸ்டாப்பிங் பேரு சொல்லுத மாதிரி வாசிக்கான். நான் வள்ளத்து எஞ்சினப் பாத்துக்கிடுதேன், அதுக்குத் தடையில்லன்னு கமிட்டி சொல்லிட்டு.

நீ எழுதுவேன்னுதான் இதெல்லாம் அனுப்புதேன். எழுதலன்னாலும் சரிதான்.

கிளாட்வின்

•

திருச்சி
30 நவம்பர் 2025

கிளாட்வின்,

நாற்பது குற்றங்கள் இதோடு இருக்கின்றன. நாற்பத்தொன்றாவதை நானே கொண்டுவருவேன். ஜெனோவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். என்ன எழுதினேன் என்று அவனைக் கேட்காதே, அவன் சொல்லிவிடுவான்.

நீ இனிக் கேட்கமாட்டாய் என்று மே மாதத்திலிருந்து தெரிகிறது. அதற்கு நன்றி. ஆறு மாதம் யாரும் கேட்காமல் இருந்ததில், என் பதில் என்ன என்று எனக்கே கேட்டது.

அதனால் இப்போது நீ கேட்க வேண்டும். தாளில். எனக்கு மட்டும். பதிலை நான் எங்கே, எப்படிச் சொல்வேன் என்பது என் பாடு.

இருபத்துநாலாம் தேதி ஓடையில் நீர் எத்தனை மணிக்கு ஏறும் என்றும் எழுது.

விஜிலா

•

தூத்துக்குடி
6.12.2025

ஏளா விஜிலா,

என்னக் கட்டிக்கிடுதியா?

நீர் ஏறுறது நாலே முக்கால்.

கிளாட்வின்

•

திருச்சி
29 டிசம்பர் 2025

கிளாட்வின்,

வள்ளத்திலிருந்து பார்க்க எப்படி இருந்தது என்று பஸ் நிறுத்தத்தில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

தாடி மீன் நாற்றம் அடித்தது. அங்கிக்குள் இரண்டு தலையணை வைத்திருந்தேன், ஒன்று கண்டல் காட்டுக்குள்ளேயே கழன்றுவிட்டது. நான் எழுதியிருந்தபடி வேஷத்தை எனக்குத் தந்துவிட்டு, பல்வலி என்று சொல்லி ஜெனோ வாயில் துணியைக் கட்டிக்கொண்டு கொட்டோடு துறையில் நின்றான். அப்படியென்றால் வள்ளத்தில் வருவது யார் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு குற்றங்கள் வரை குரலைத் தடிப்பாக்கி வாசித்தேன். பதின்மூன்றாவது, எமில்டா மாமியின் முந்திரி. "உள்ள போட்டா யாருக்குத் தெரியும், மேல போட்டாத்தான கண்ணுக்குத் தெரியும்" என்று மாமி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏளா, அது என் மக சிரிப்புலா."

பிறகு அண்ணாச்சி யோசித்துப் பார்த்துச் சொன்னார்: "அப்பம் இத எழுதுறதும் நீதானா தாயி? இத்தன வருசமா என் பல்ப எண்ணிக்கிட்டு இருந்தது நீயா?"

ஏழு வருஷத்துக் குற்றங்களும் ஒரே நேரத்தில் என்மேல் திரும்பி வந்தன. ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பது இனி எனக்குக் கிடைக்காது. அது தெரிந்துதான் வள்ளத்தில் ஏறினேன். நீ முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டதற்குத்தான் நான் கோபப்பட்டேன், நானும் அதையே செய்யக்கூடாது. தாடியைக் கழற்றி மான் கொம்பில் மாட்டிவிட்டு, மீதி எல்லாவற்றையும் என் குரலில் வாசித்தேன்.

கடைசிக் குற்றத்தை நீயும் கேட்டாய். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

"எமில்டா மகன் கிளாட்வின், தாத்தா சொன்ன ஓர் உண்மையான குற்றத்தை மே மாதம் சேற்றில் நின்றுகொண்டு பொய் என்று வாபஸ் வாங்கினான். விஜிலா எடுத்தது எடுத்ததுதான். திருப்பித் தருவதாக இல்லை. நீ என்ன சொல்கிறாய்?"

இதற்குக் கீழே பென்சிலால் நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஒன்று என்றேன். இரண்டு என்றேன். அதற்குப் பிறகு கொஞ்சம் நேரம் விட்டேன், நீ போன வருஷம் எனக்கு விட்டிருக்க வேண்டிய நேரம். எஞ்சின் எண்ணெய்க் கையோடு வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தாய். ஊரிலேயே வாய் நீளமானவன் நீ. எதையாவது சொல்லி மிட்டாய் வாங்கியிருக்கலாம். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்று.

ஜெனோ வாய்க்கட்டைக் கழற்றிவிட்டுக் கொட்டடித்தான். எமில்டா மாமி தட்டோடு ஓடையில் முழங்கால் வரை இறங்கி வந்தாள். முழங்கால்தான், நான் பார்த்தேன்.

சுவருக்குப் பச்சை.

விஜிலா

•

தூத்துக்குடி
19.1.2026

ஏளா விஜிலா,

நேத்தோட மூணாவது ஓலையும் வாசிச்சாச்சு. மூணு ஞாயிறும் சாமியாரு நம்ம பேரச் சொல்லி, யாருக்காவது ஆட்சேபம் உண்டான்னு கேட்டாவ. ஊர்ல ஒருத்தரும் வாய் தெறக்கல.

கிளாட்வின்